சதுப்புநிலத்துக்கு எந்த பைனாகுலர்?

குளிர்காலம் வந்தால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி பைனாகுலரைப் பற்றித்தான். எழுதுகிறவர்கள் கடலோர ஊர்க்காரர்கள், அல்லது விடுமுறைக்கு அங்கே போகிறவர்கள். வலசை வந்த பறவைகளைச் சேற்றுத் திட்டிலும் உப்பங்கழியிலும் ஒருமுறையாவது சரியாகப் பார்த்துவிட வேண்டும் என்பது எல்லோருக்கும் ஆசை. வந்தவற்றில் ஆறு கேள்விகளை எடுத்திருக்கிறேன்.

கேள்வி: கடற்கரை ஊருக்கு மாற்றலாகி வந்திருக்கிறோம். ஊரைத் தாண்டினால் சதுப்புநிலம். கடைக்காரர் 8×42, 10×42, 20×50 என்று மூன்று பைனாகுலர்களை எடுத்து வைத்தார். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. பெரியதையே வாங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். 20×50-ஐ முதலில் மேசையிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள்.

முதல் எண், எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது. இரண்டாவது, முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்துப் பாருங்கள். உங்கள் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அகலம் கிடைக்கும். 8×42-க்கு 5.25 மி.மீ., 10×42-க்கு 4.2, 20×50-க்கு வெறும் 2.5. நல்ல வெயிலில் நம் கண்மணியே இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குச் சுருங்கிக் கிடக்கும் என்பதால் அப்போது வித்தியாசம் தெரியாது. கடைக்காரர் காட்டுவதும் அந்த நேரத்தில்தான். ஆனால் பறவை பார்க்கப் போகிறவர் விடியலிலும் அந்தியிலும் அல்லவா நிற்கிறார்? கண்மணி விரிந்திருக்கும் அந்த நேரத்தில் 20×50 இருட்டிவிடும்.

அதைவிடப் பெரிய தொல்லை நடுக்கம். திறந்த வெளியில் காற்று சும்மா இருக்காது. பறவை 20 மடங்கு பெரிதானால் கை நடுக்கமும் 20 மடங்கு பெரிதாகும். ஸ்டாண்டு இல்லாமல் அதைப் பிடித்துப் பார்ப்பது ஓடும் பஸ்ஸில் நின்றுகொண்டு பேப்பர் படிப்பது போலத்தான்.

மிஞ்சியது எட்டா, பத்தா. சதுப்பு திறந்தவெளி, பறவைகள் தூரத்தில் நிற்கும், அதனால் பத்துதான் சரி என்பார்கள். பாதி உண்மை. ஆனால் எட்டில் பார்வைப் பரப்பு அகலம்: ஆயிரம் மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 130 மீட்டர் தெரியும், பத்தில் 110 போல. உள்ளான் கூட்டம் திடீரென்று எழும்பி வளைந்து திரும்பும்போது அந்த இருபது மீட்டரின் அருமை புரியும். முதல் பைனாகுலர் என்றால் என் ஓட்டு எட்டுக்கு. கை ஆடாதவர் பத்து வாங்கினால் குறை சொல்ல மாட்டேன்.

இனி கடையில் செய்ய வேண்டியது. உள்ளே ட்யூப்லைட்டில் எல்லாமே நன்றாகத்தான் தெரியும், வாசலுக்கு வாருங்கள். பைனாகுலரை ஒரு கை தூரத்தில் வானத்தைப் பார்க்கப் பிடியுங்கள். கண் வைக்கும் துளையில் சின்ன வெள்ளை வட்டம் தெரியும். அது முழு வட்டமாக இருந்தால் நல்லது. ஓரம் வெட்டினது போல, ஒருவகைச் சதுரமாகத் தெரிந்தால் உள்ளே இருப்பது மலிவான பிகே-7 பட்டகம், பெட்டியில் உயர்ந்த ரகமான பிஏகே-4 என்று அச்சடித்திருந்தாலும் சரி. அடுத்து, எதிரே போகும் மின்கம்பியைப் பாருங்கள். கம்பி இரண்டாகத் தெரிந்தாலோ, ஐந்து நிமிஷத்தில் கண் இழுத்தாலோ இரு குழல்களும் ஒரே நேர்கோட்டில் இல்லை. அதற்கு விலையைக் குறைக்கிறேன் என்றாலும் வாங்காதீர்கள்.

கடைசியாக, முன்பக்கக் கண்ணாடி செக்கச்செவேலென்று மின்னினால் தொடாதீர்கள். அந்தப் பூச்சு சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும், உள்ளே வருவது பச்சை பாரித்த படம். சேற்றில் நிற்பவை எல்லாம் சாம்பலும் பழுப்பும்தான், காலின் நிறத்தை வைத்துத்தான் பலவற்றைப் பிரிக்கிறோம். என் முதல் பைனாகுலர் அப்படிப்பட்டது. ஒரு குளிர்காலம் முழுக்கப் பவளக்காலிகளைப் பார்த்துப் பார்த்துப் பச்சைக்காலி என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அந்த நோட்டை யாருக்கும் காட்டுவதில்லை.

கேள்வி: ஆன்லைனில் “180×100, இரவிலும் தெரியும்” என்று போட்டிருந்ததை வாங்கினேன். கையில் வந்தது உள்ளங்கையில் அடங்கும் பொம்மை போல இருக்கிறது. திருப்பி அனுப்பினால் “பிடிக்கவில்லை என்பதற்காக எடுக்க மாட்டோம்” என்கிறார்கள்.

பதில்: “பிடிக்கவில்லை” என்ற வார்த்தையையே எழுதாதீர்கள். ஓர் அளவுகோல் எடுங்கள். 100 என்றால் முன்பக்கக் கண்ணாடி பத்து சென்டிமீட்டர் அகலம் இருந்தாக வேண்டும், ஒரு சின்னத் தட்டு அளவு. கண்ணாடிமேல் அளவுகோலை வைத்து போட்டோ எடுங்கள். விற்பனைப் பக்கத்தில் அவர்கள் போட்டிருந்த எண்ணையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நாளைக்கு அது மாறிவிடும். இரண்டையும் வைத்து “சொன்ன பொருளும் வந்த பொருளும் வேறு” என்று எழுத்தில் புகார் கொடுங்கள், போனில் வேண்டாம். கார்டில் பணம் கட்டியிருந்தால் அதே போட்டோக்களை வங்கிக்கும் அனுப்பலாம்.

“இரவிலும்” என்பதற்கு ஒரு வரி போதும்: வெறும் கண்ணாடி, இல்லாத வெளிச்சத்தை உண்டாக்காது.

கேள்வி: மூக்குக்கண்ணாடி போடுகிறேன். எந்த பைனாகுலரில் பார்த்தாலும் நடுவில் சின்ன ஓட்டை வழியாகப் பார்ப்பது போலவே இருக்கிறது.

பதில்: பைனாகுலருக்கும் உங்கள் கண்ணுக்கும் இடையே விடக்கூடிய தூரம் அதில் குறைவு. விவரத்தாளில் அது மில்லிமீட்டரில் இருக்கும். 16-க்குக் கீழே உள்ளதை வாங்காதீர்கள். கண் வைக்கும் இடத்தில் உள்ள ரப்பர் வளையத்தை நீங்கள் முழுக்கக் கீழே திருகிவிட வேண்டும். கடைகளில் அது பெரும்பாலும் மேலே ஏற்றியே இருக்கும். பலர் நல்ல பைனாகுலரை வேண்டாம் என்று வைத்துவிட்டு வருவது இதனால்தான்.

கேள்வி: “வாட்டர்ப்ரூஃப்” என்று எழுதியிருக்கிறது. கடல் சாரலில் கவலைப்படாமல் கொண்டுபோகலாமா? பழையதாக ஒன்று பாதி விலைக்குக் கிடைக்கிறது, அதையும் யோசிக்கிறேன்.

பதில்: ஐபிஎக்ஸ்7 என்றிருந்தால் ஒரு மீட்டர் ஆழ நன்னீரில் அரைமணி நேரம் தாங்கும் என்று பொருள். உப்பைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. சாரல் காய்ந்தால் கண்ணாடிமேல் உப்புப் படியும். சட்டை நுனியால் துடைத்தால் உப்பும் மணலும் சேர்ந்து பூச்சைக் கீறிவிடும். ரப்பர் ஊதுகுழலால் முதலில் மணலை ஊதித் தள்ளுங்கள். பிறகு நன்னீரில் நனைத்த மெல்லிய துணியால் ஒற்றி எடுத்து, கடைசியாக உலர்ந்த துணி. உள்ளே நைட்ரஜன் நிரப்பியதா என்றும் கேளுங்கள். ஏசி அறையிலிருந்து ஈரக்காற்றுக்கு வரும்போது உட்புறம் பனிக்காமல் அது காக்கும்.

பழையது என்றால் பூஞ்சைதான் பயம். பெரிய பக்கத்திலிருந்து டார்ச் அடித்து, மறுபக்கம் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி நூல் போல, வேர் விட்டது போல மெல்லிய கிளைகள் தெரிந்தால் விட்டுவிடுங்கள். கடலோர ஈரத்தில் அது இன்னும் வளரும், சுத்தம் செய்யும் கூலி விலையைத் தாண்டும். தூசி இரண்டு மூன்று இருந்தால் பரவாயில்லை. வாங்கிய பிறகு தோல் உறைக்குள் வைத்து அலமாரியில் பூட்டாதீர்கள், சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவே போதும்.

கேள்வி: ஸ்கோப் இல்லாமல் கரைப்பறவை பார்க்க முடியாது என்கிறார்களே?

பதில்: ஸ்கோப் என்பது ஸ்டாண்டில் நிறுத்தி ஒற்றைக் கண்ணால் பார்க்கும் தொலைநோக்கி. ஒரு குளிர்காலம் போகட்டும். பட்டைவால் மூக்கனையும் கருவால் மூக்கனையும் வாலை வைத்துப் பிரிக்கத் தூரம் போதவில்லை என்று நீங்களே புலம்பத் தொடங்கும்போது வாங்குங்கள். 20–60 மடங்கு என்று இருக்கும், ஆனால் வெயில் ஏறிய பிறகு சேற்றின்மேல் காற்று அலையடிக்கும், 30-க்கு மேல் போனால் கொதிக்கும் தண்ணீருக்குள் பறவை நிற்பது போல இருக்கும். எண்பது மி.மீ. கண்ணாடிக்கு ஆசைப்பட்டு, மெலிந்த ஸ்டாண்டில் பணத்தை மிச்சம் பிடிப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. 65 மி.மீ. ஸ்கோப், கனமான ஸ்டாண்டு. அது நல்ல ஜோடி.

கேள்வி: வழிகாட்டி ஒருவர் “பூநாரை நிச்சயம், பறக்கும் போட்டோவும் நிச்சயம்” என்று முழுப் பணத்தையும் முன்னாலேயே கேட்கிறார்.

பதில்: பறவைக்கு நிச்சயம் சொல்கிறவரிடம் நான் போக மாட்டேன். பறக்கும் போட்டோவுக்கு உறுதி தருகிறார் என்றால், கூட்டத்தை விரட்டிக் கிளப்பப் போகிறார் என்று அர்த்தம். 2022-இல் அலாஸ்காவிலிருந்து கிளம்பிய ஓர் இளம் பட்டைவால் மூக்கன் 11 நாள் எங்கும் இறங்காமல் 13,560 கிலோமீட்டர் பறந்து டாஸ்மேனியாவில் இறங்கியது. அப்படி வந்து இளைப்பாறும் பறவையை ஒரு போட்டோவுக்காகக் கிளப்பினால், அடுத்த பயணத்துக்குச் சேர்த்த கொழுப்பில் கொஞ்சம் வீண்.

அவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: “அன்றைக்கு ஓதம் எத்தனை மணிக்கு?” தொழில் தெரிந்தவர் உடனே சொல்வார். ஓதம் என்பது கடல்நீர் ஏற்றம். அது ஏற ஏற சேறு மூழ்கி, பறவைகள் மிச்சமிருக்கும் திட்டுகளில் நெருங்கி வந்து நிற்கும். உச்சத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் போய் உட்கார்ந்தால் அவையே உங்களிடம் வரும். அந்த நேரம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிஷம் தள்ளிப்போகும் என்பதால், “தினமும் காலை ஆறு மணிக்கு” என்று சொல்கிறவருக்கு விஷயம் தெரியாது. தெரிந்தவர் கிடைத்தால் முன்பணம் கொஞ்சம் கொடுங்கள், மீதியைத் திரும்பி வந்து. மழையென்றால் பணம் திரும்புமா, எத்தனை பேரைச் சேர்ப்பார் என்பதைக் குறுஞ்செய்தியிலாவது வாங்கிக்கொள்ளுங்கள்.