அங்கோர் வாட்டுக்கு ஒரு நாள் போதுமா?

கேள்வி: நானும் கணவரும் இரண்டு நண்பர் குடும்பங்களோடு கம்போடியா செல்கிறோம். அங்கோர் வாட்டுக்கு ஒரு நாள் போதும் என்கிறார்கள் நண்பர்கள். கணவரோ சிற்பங்களை நின்று நிதானித்துப் பார்ப்பவர். என்ன செய்யலாம்?
– வாசகி, மதுரை

பதில்: நான் உங்கள் கணவர் கட்சி. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் திருமாலுக்கு எழுப்பிய அக்கோயிலின் கிழக்குச் சுற்றுமண்டபத்தில், வாசுகியை ஒருபுறம் அசுரரும் மறுபுறம் தேவரும் பற்றியிழுக்கப் பாற்கடல் கடையப்படும் காட்சி ஏறத்தாழ 49 மீட்டர் நீளத்துக்கு ஓடுகிறது. கடைந்த வேகத்தில் துண்டாகிப்போன மீன்களைக்கூடச் செதுக்கியிருக்கிறார்கள். அதற்கே அரை மணி நேரம் வேண்டும். நண்பர்கள் ஒரு நாள் சீட்டும் நீங்கள் இருவரும் மூன்று நாள் சீட்டும் வாங்கி, சூரிய உதயத்தை மட்டும் எல்லோரும் சேர்ந்து பாருங்கள். சீட்டில் அவரவர் புகைப்படம் இருப்பதால் கைமாற்ற இயலாது. தோளும் முழங்காலும் மறையும் உடை இல்லாவிட்டால் மேல்தளத்துக்கு ஏற விடமாட்டார்கள்.