டிராக்டர் இல்லாமல், உழாமல், மான்களுக்கும் வான்கோழிகளுக்கும் உணவுப் பயிர் போட முடியுமா?

கேள்வி கேட்டவர் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஐந்து ஏக்கர் வாங்கியிருக்கிறார். பாதி சரிவு, டிராக்டர் கிடையாது. அரை ஏக்கரில் காட்டு உயிர்களுக்காக ஏதாவது விதைக்க ஆசை. மூடுபயிர், அதாவது மண்ணை மூடி வைப்பதற்காகவே வளர்க்கும் பயிர், போட்டு அதற்குள்ளேயே விதைத்தால் உழவே வேண்டாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உண்மையிலேயே முளைக்குமா என்று கேட்கிறார்.

முளைக்கும். நான் ஆறு வருடமாக அப்படித்தான் செய்கிறேன். எங்கள் இடம் அதே மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், வெர்னான் கவுண்டியில் இருக்கிறது. மேட்டு விளிம்பில் முக்கால் ஏக்கர், அதற்குக் கீழே ஓக் மரக்காடு. இங்கே இதை ஃபுட் பிளாட் என்பார்கள். அறுவடைக்காகப் போடும் பயிர் இல்லை, மானும் வான்கோழியும் வந்து மேய்வதற்காக விடும் துண்டு நிலம்.

அதற்கு முந்தின முதல் வருடம் நான் உழுதேன். சுழல்கலப்பை ஒன்றை வாடகைக்கு எடுத்து, மே மாதம் இரண்டு தடவை ஓட்டினேன். மண் மாவு மாதிரி ஆனது, பார்க்க அழகாக இருந்தது. சோயா போட்டேன். ஜூன் முதல் வாரம் ஒரே இரவில் அடித்த மழையில் மேல்மண் வழிந்து கீழ் வேலியோரம் போய்த் தேங்கிவிட்டது. மறுநாள் காலை அங்கே கையை விட்டுப் பார்த்தேன், மணிக்கட்டு வரை இறங்கியது. மிச்சம் இருந்த இடத்தில் சோயாவைவிட வேகமாகப் பிக்வீட் வந்தது. நம் ஊர்க் குப்பைக்கீரைக்கு உறவுக்காரச் செடி அது. உழும்போதெல்லாம் பல வருடமாகப் புதைந்து கிடந்த களை விதைகள் மேலே வந்து வெளிச்சத்தைப் பார்க்கின்றன, முளைக்கின்றன. பிழைத்த சோயாவையும் மூன்று இலை விடுவதற்குள் மான்கள் முடித்துவிட்டன.

சரிவு நிலம் என்று சொல்கிறீர்களே, அதனால்தான் இதை முதலில் சொன்னேன். இந்தப் பக்கத்து மண் காற்றில் பறந்து வந்து படிந்த நுண்மண். வளமானது, ஆனால் தண்ணீர் ஓடினால் கூடவே கிளம்பிவிடும். எங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் கூன் வேலி (Coon Valley) என்ற ஊரில் 1933-இல் அமெரிக்க அரசு நாட்டின் முதல் பெரிய மண் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியதற்குக் காரணமே அதுதான். மேடுகளை நேர்கோட்டில் உழுது உழுது ஓடைகள் பள்ளத்தாக்காக அரித்துப் போயிருந்தன. காட்டுயிர் பாதுகாப்பு அறிஞர் ஆல்டோ லியோபோல்டும் அந்தத் திட்டத்துக்கு யோசனை சொன்னவர்களில் ஒருவர். காட்டு உயிர்களுக்கும் அதில் இடம் வைத்தார்கள். இன்றும் அங்கே சரிவுக்குக் குறுக்காக வளைந்து வளைந்து போகும் வரப்புப் பட்டைகளைப் பார்க்கலாம். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் இந்த வட்டாரத்தின் சிறு அணைகள் ஐந்து உடைந்தன. அதைப் பார்த்தபிறகு இந்தச் சரிவில் வெறும் மண்ணைத் திறந்து வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம்தான் அப்பா செய்தது ஞாபகம் வந்தது. நாங்கள் மன்னார்குடிப் பக்கம். தை மாதம் நெல் பழுத்து நிற்கும்போது, அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், அப்பா நிற்கிற பயிருக்குள் நடந்து உளுந்து தெளிப்பார். காலை வைத்தால் சேறு ஒட்டக்கூடாது, ஆனால் தடம் பதிய வேண்டும். மெழுகு பதம் என்பார்கள். அறுப்பு ஆட்கள் நடக்கும்போது கால் பட்டே விதை மண்ணில் பதியும். அரிகட்டையின் நிழலில் இருக்கிற ஈரத்திலேயே முளைத்து, ஒரு உழவு இல்லாமல், ஒரு தண்ணீர் இல்லாமல் சித்திரைக்குள் காய்த்துவிடும். இங்கே இருப்பவர்கள் "வீசு, மடக்கு" என்று சொல்லும் முறை அதேதான். விதையை முதலில் நிற்கும் பயிருக்குள் வீச வேண்டும், பிறகுதான் பயிரைச் சாய்க்க வேண்டும். சாய்ந்த பயிர் விதைமேல் போர்வையாகி ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. இந்த வரிசையை மாற்றி, சாய்த்த பிறகு விதைத்தால் விதை வைக்கோல்மேல் தொங்கிக் காய்ந்துவிடும்.

அந்த நிற்கும் பயிருக்கு இங்கே ஏற்றது ரை, கோதுமை மாதிரியான ஒரு தானியப் பயிர். கடையில் கேட்கும்போது "சீரியல் ரை" என்று தெளிவாகக் கேளுங்கள். ரைகிராஸ் என்பது வேறு செடி, அதைத் தெரியாமல் போட்டுவிட்டால் பிறகு அதுவே களையாக நிற்கும். ரையை ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுவுக்குள் ஏக்கருக்கு 100 பவுண்டு, அதாவது சுமார் 45 கிலோ வீசலாம். உறைநிலையை ஒட்டிய குளிரிலும் முளைக்கக்கூடிய தானியம் அது. மழைக்கு முந்தின நாள் மாலையில், கழுத்தில் மாட்டிக் கையால் சுற்றும் விதை தூவியை வைத்து முக்கால் ஏக்கரை நாற்பது நிமிடத்தில் முடித்துவிடுவேன். கூடவே கிரிம்சன் குளோவர் என்ற தீவனச் செடி விதையும் கொஞ்சம் கலக்கிறேன். குளோவர் விதைக்கு அதற்குரிய ரைசோபியம், அதாவது வேரில் தங்கி நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கும் பாக்டீரியா, பூசியிருக்கிறதா என்று பையில் பார்த்து வாங்குங்கள்.

பனிக்குக் கீழே ரை பச்சையாகவே கிடக்கும். மார்ச்சில் பனி விலகியதும் காட்டில் வேறு எதுவும் தளிர்ப்பதற்கு முன் இது கிளம்புகிறது. சினை மான்கள் மெலிந்து போய் நிற்கிற மாதம் அது. என்னைக் கேட்டால் ஃபுட் பிளாட்டின் உண்மையான வேலை மார்ச், ஏப்ரலில்தான் நடக்கிறது. நவம்பர் வேட்டைக் காலத்தை மட்டும் மனதில் வைத்துப் பயிர் போடுகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

ஜூன் தொடக்கத்தில் ரை நெஞ்சளவு நிற்கும். எப்போது மடக்குவது என்பதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். பூப்பதற்கு முன் மடக்கினால் ஒரு வாரத்தில் எழுந்து நின்றுவிடும். ஒரு கதிரைப் பிடித்து உள்ளங்கையில் தட்டிப் பாருங்கள். மஞ்சள் தூள் கொட்டினால் பதம் வந்துவிட்டது. அதற்கு முன் கதிர் பச்சையாக, ஒன்றும் உதிராமல் இருக்கும். நான் தினமும் காலையில் நாலைந்து இடத்தில் தட்டிப் பார்ப்பேன். பெரும்பாலான கதிர் தூள் கொட்டும் நாளில் பக்வீட் என்ற சீக்கிரம் வளரும் தானியச் செடியின் விதையை ஏக்கருக்கு 60 பவுண்டு கணக்கில் நிற்கும் ரைக்குள் வீசிவிட்டு மடக்கத் தொடங்குவேன்.

மடக்குவதற்கென்றே தகடு வைத்த உருளைகள் இருக்கின்றன. பென்சில்வேனியாவின் ரோடேல் நிறுவனம் இங்கே அதைப் பிரபலமாக்கியது. தென் அமெரிக்காவில் அதற்கு முன்பே புழக்கத்தில் இருந்தது. அரை ஏக்கருக்கு அது தேவையில்லை. ஆறடிப் பலகையின் அடியில் ஒரு இரும்புக் கோணச் சட்டத்தைத் திருகி, இரண்டு முனையிலும் கயிறு கட்டிக் கையில் பிடித்துக்கொண்டேன். கயிற்றைத் தூக்கி, ஒரு அடி முன்னால் வைத்து, காலால் மிதிக்க வேண்டும். பரம்புப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள், மாடு மட்டும் இல்லை. ஒவ்வொரு மிதிக்கும் தண்டு நசுங்கும் சத்தம் கேட்கும். தண்டு அறுந்துவிடக்கூடாது. நசுங்கிப் படுக்க வேண்டும். அறுந்தால் சீக்கிரம் மக்கிவிடும், சில சமயம் அடியிலிருந்து துளிர்க்கும். இரண்டு பேர் இரண்டு காலை வேளையில் அரை ஏக்கர் முடிக்கலாம். இடுப்பு வலிக்கும், அது நிச்சயம்.

பலகையை எடுப்பதற்கு முன் ஒரு தடவை நிலம் முழுக்க மெதுவாக நடந்து பாருங்கள். இது கட்டாயம். மே கடைசியும் ஜூன் தொடக்கமும்தான் இங்கே மான்கள் குட்டி போடும் காலம். மூன்றாவது வருடம் ரைக்குள் நடந்தபோது என் காலுக்கு இரண்டடி தள்ளி ஒரு குட்டி படுத்திருந்தது. வெள்ளைப் புள்ளிகளோடு, கழுத்தைத் தரையோடு ஒட்டி வைத்துக்கொண்டு. கண் மட்டும் திறந்திருந்தது. ஓடவில்லை. அந்த வயதில் ஓடாது, அசையாமல் கிடப்பதுதான் அதற்குத் தெரிந்த பாதுகாப்பு. தாய் அதைக் கைவிட்டுப் போனதாக நினைத்துத் தூக்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள், தாய் பக்கத்தில் எங்காவது மேய்ந்துகொண்டிருக்கும். நான் அந்த மூலையில் இருபதடி அகலத்தை மடக்காமல் அப்படியே விட்டுவிட்டேன். அந்த ரை பழுத்து விதை கொட்டி, செப்டம்பரில் தானாகவே முளைத்தது. இப்போது வருடா வருடம் ஒரு பட்டையை வேண்டுமென்றே விட்டுவிடுகிறேன். வான்கோழிகளும் தரையில்தான் கூடு கட்டும். டிராக்டரில் உட்கார்ந்து உருளை ஓட்டுகிறவர்களுக்கு இதெல்லாம் கண்ணில் படாமல் போய்விடும் என்பது என் பயம்.

மடக்கிய ரைக்குள்ளிருந்து பக்வீட் ஒரு வாரத்தில் தலைநீட்டும். ஐந்து வாரத்தில் வெள்ளைப் பூவாக நிற்கும், தேனீ இரைச்சல் தூரத்திலிருந்தே கேட்கும். ரை படுக்கையும் பக்வீட் நிழலும் சேர்ந்து சிறு விதைக் களைகளைப் பெரும்பாலும் அடக்கிவிடுகின்றன. ஜூலை கடைசியில் அதற்குள் டர்னிப் (முள்ளங்கி மாதிரிக் கிழங்குச் செடி), முள்ளங்கி, குளோவர் வீசி, பக்வீட்டை மிதித்துப் படுக்க வைக்கிறேன். அது இளசான தண்டு, சும்மா உருட்டினாலே சாய்ந்துவிடும். விதை முற்றுவதற்கு முன் செய்துவிடுங்கள். செப்டம்பரில் டர்னிப் இலைகளுக்கு நடுவே மறுபடியும் ரை. இப்படி ஒன்று போக ஒன்று நிற்பதால் வருடத்தில் ஒரு நாள்கூட மண் வெயிலைப் பார்ப்பதில்லை.

ரையை மடக்கியவுடனே டர்னிப் போடாமல் நடுவில் பக்வீட் வருவதற்குக் காரணம் இருக்கிறது. பூத்த ரையில் ஒரு பங்கு நைட்ரஜனுக்குச் சுமார் 37 பங்கு கரிமம் இருக்கும், முற்றிய வைக்கோலில் 80-க்கும் மேல். மக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்குச் சரியான அளவு 24 பங்குதான். பற்றாக்குறைக்கு அவை மண்ணில் இருக்கும் நைட்ரஜனை எடுத்துக்கொள்ளும். டர்னிப்பும் முள்ளங்கியும் நைட்ரஜன் தின்னிகள், அந்த நேரத்தில் போட்டால் வெளுத்துப்போய் உள்ளங்கை அளவில் நின்றுவிடும். பக்வீட் குறைவிலும் சமாளிக்கும். குளோவர் தனக்கு வேண்டியதைத் தானே பிடித்துக்கொள்ளும்.

சில விஷயங்கள் இந்த முறையில் சரிப்படாது. சோயா, மக்காச்சோளம், பட்டாணி மாதிரிப் பெரிய விதைகளை மேலே வீசினால் பறவைக்குத்தான் போகும், அவற்றுக்கு மண்ணுக்குள் இறக்கும் கருவி வேண்டும். அரை ஏக்கரில் சோயா எப்படிப் போட்டாலும் மான் மிச்சம் வைக்காது. ஈரமான வசந்தத்தில் வைக்கோலுக்கு அடியில் ஓடில்லா நத்தைகள் பெருகிக் குளோவர் நாற்றைக் கடித்துவிடும். ஒரு வருடம் எனக்கு அப்படிக் கால்வாசி போனது. இன்னொன்று, உங்கள் இடத்தில் இப்போது அடர்ந்த நிரந்தரப் புல் இருக்கிறதென்றால் அதன்மேல் வீசி முளைக்க வைப்பது கடினம். பலர் கிளைபோசேட் என்ற களைக்கொல்லி அடிக்கிறார்கள். நானும் முதல் தடவை மட்டும் ஒரு மூலையில் அடித்தேன். மீதி இடத்தில் கறுப்புத் தார்ப்பாயைக் கோடை முழுக்க விரித்து வைத்தே புல்லைக் கொன்றேன். நேரம் இருந்தால் தார்ப்பாய் நல்லது.

எவ்வளவு மேய்கிறது என்று தெரிய ஒரு கம்பி வலையை நாலடி வட்டமாக வளைத்து நிலத்தின் நடுவில் ஊன்றி வையுங்கள். போன அக்டோபரில் எங்கள் வலைக்குள் டர்னிப் இலை முழங்கால் உயரம், வெளியே கணுக்கால் உயரம். வலை இல்லாவிட்டால் விதை சரியில்லை, மண் சரியில்லை என்று நினைத்திருப்பேன்.

வேட்டைக்காகவா என்று சிலர் கேட்கிறார்கள். அமெரிக்காவில் பெரும்பாலும் அதற்காகத்தான் போடுகிறார்கள். நான் சுடுவதில்லை, பக்கத்துப் பண்ணைப் பெரியவர் நவம்பரில் வந்து இரண்டு மான் எடுத்துக்கொள்வார். இங்கே மான் எண்ணிக்கை காட்டு நாற்றுகளையே தின்று தீர்க்கும் அளவுக்கு இருக்கிறது, அதனால் எனக்கு அதில் மறுப்பு இல்லை. ஆனால் மானுக்குச் சோளத்தைக் குவித்துக் கொட்டாதீர்கள். மான்களின் மூளையைத் தாக்கும் சிடபிள்யூடி நோய் 2002-இல் இந்த மாநிலத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. நோய் பாதித்த கவுண்டிகளில் தீனி கொட்டத் தடை உண்டு. ஒரே குவியலில் பல மான் வாய் வைத்தால் எச்சில் வழியாகப் பரவும். பரவலாக மேயும் பயிரில் அந்த நெருக்கம் குறைவு.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது மண் பரிசோதனை. பத்துப் பன்னிரண்டு இடத்தில் எடுத்த மண்ணைக் கலந்து பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். எங்கள் நிலத்தில் pH 5.6 வந்தது, எண் குறையக் குறைய மண்ணில் அமிலம் அதிகம். குளோவருக்கு 6-க்கு மேல் வேண்டும், அதற்குத்தான் சுண்ணாம்பு. உழாத நிலத்தில் மேலே போடும் சுண்ணாம்பு உள்ளே இறங்க வருடக்கணக்காகும், அதனால் ரை விதைக்கும் முன்பே போட்டுவிடுவது நல்லது. முடிவு வந்ததும் இங்கே பின்னூட்டத்தில் எண்களைப் போடுங்கள், எவ்வளவு சுண்ணாம்பு, எந்தக் குளோவர் என்று சேர்ந்து பார்க்கலாம்.