தேவிபட்டினம் பக்கத்துக் கண்மாய் வரத்துக்கால்: இடுங்கிய இடத்தைத் தோண்டும் முன்

வணக்கம். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் 20 அடி அகல வரத்துக்கால் ஓரிடத்தில் 6 அடியாக இடுங்கி, ஐப்பசி மழையில் கரை உடைந்து உங்கள் வயலுக்குள் தண்ணீர் பாய்வதாக எழுதியிருந்தீர்கள். ஜேசிபி வைத்து அந்த இடத்தை மட்டும் ஆழப்படுத்தலாமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

தயவுசெய்து ஆழப்படுத்தாதீர்கள், அகலப்படுத்துங்கள். கண்மாய்க்குள் தண்ணீர் விழும் மட்டத்தை விடக் கீழே தோண்டினால் அது வெறும் குழி. தண்ணீர் அங்கேயே தேங்கும், அடுத்த வெள்ளத்தில் வண்டல் மூடிவிடும். தேவிபட்டினம் போன்ற கடலோரத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஆழம் கூடினால் அடியிலுள்ள உவர்நீர் ஊறி வரும். உப்பேறிய நெல்வயலைத் தேற்றுவது எவ்வளவு பாடு என்பதை நான் கண்ணால் பார்த்தவன். கொத்தனார் மட்டம் பார்க்க வைத்திருக்கும், தண்ணீர் நிரப்பிய குழாயால் முதலில் மட்டம் பாருங்கள்.

இடுங்கியதற்குக் காரணம் பெரும்பாலும் சீமைக்கருவேலம்தான். அதன் தூரில் வண்டல் பிடித்துக் கரையே உள்ளே நகர்ந்து வரும். வெட்டினால் மறுபடி துளிர்க்கும். ஆவணிக்குள் வேரோடு பிடுங்க வேண்டும். அள்ளிய மண்ணைக் கால்வாய் ஓரத்திலேயே குவிக்காதீர்கள், முதல் மழையே அதைத் திரும்ப உள்ளே தள்ளிவிடும். உடைந்த கரைக்குப் போட்டு மிதித்து இறுக்குங்கள். கரையில் நிற்கும் பனைகளைத் தொடவே வேண்டாம், மண்ணைப் பிடித்து வைத்திருப்பவை அவைதான்.

ஆக்கிரமிப்பு என்று சந்தேகம் இருந்தால், கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படத்தை (நில எல்லை அளவுகள் உள்ள வரைபடம்) பார்த்து, தாலுகா அலுவலகத்தில் அளவைக்கு மனுக் கொடுங்கள். அளந்து கல் நட்ட பிறகே இயந்திரத்தை இறக்குங்கள்.