சார்ஜ் என்ற ஒரே சொல்லுக்கு ஏன் இத்தனை அர்த்தம்?

கேள்வி இது: போனுக்கு சார்ஜ் போடுகிறோம், பஸ் சார்ஜ் என்கிறோம், போலீஸ் சார்ஜ் ஷீட் போடுகிறது, ஆபீசுக்கு ஒருவர் இன்சார்ஜ். இதெல்லாம் ஒரே ஆங்கிலச் சொல்தானா? இதற்கு இணையான சொற்கள் என்னென்ன? ‘இன் சார்ஜ் ஆஃப்’, ‘இன் த சார்ஜ் ஆஃப்’ இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

ஒரே சொல்தான். அடியில் இருக்கும் பொருளும் ஒன்றுதான்: சுமை ஏற்றுவது.

மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்த புதிதில் இது எனக்குத் தெரியாது. ஒரு குழுவைப் பற்றிய ஆங்கில அறிக்கையில், குழு இன்ன அறிக்கையைத் தயாரிக்க ‘சார்ஜ்டு வித்’ என்று இருந்தது. நான் அந்த இரண்டு சொற்களைப் பார்த்த வேகத்தில் “குழுவின் மீது குற்றம் சாட்டப்பட்டுள்ளது” என்று எழுதிவிட்டேன். உண்மையில் அந்தப் பணி அந்தக் குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது, அவ்வளவுதான். சரிபார்த்தவர் சிவப்பு மையில் வட்டம் போட்டு, பக்கத்தில் “வித்துக்குப் பிறகு என்ன வருகிறது என்று பார்” என்று மட்டும் எழுதி அனுப்பினார். பின்னால் திருட்டு, கொலை, மோசடி என்று வந்தால் அது குற்றச்சாட்டு. ஒரு வேலை வந்தால் அது பொறுப்பு. அன்றிலிருந்து இந்தச் சொல்லை நான் விடவே இல்லை.

பழங்காலத்தில் ஐரோப்பாவின் கெல்ட் மக்கள் வண்டிக்கு வைத்திருந்த பெயரை லத்தீன்காரர்கள் ‘காருஸ்’ என்று எடுத்துக்கொண்டார்கள். அதிலிருந்து வண்டியில் பாரம் ஏற்றுவதற்கு ஒரு வினைச்சொல் பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு ‘சார்ஜ்’ என்று வந்து சேர்ந்தது. கார், கார்கோ, கேரி எல்லாமே இதன் பங்காளிகள். சைக்கிள் பின்னால் இருக்கும் கேரியரும், “கேரியர் கைடன்ஸ்” என்று சொல்கிறோமே அந்தக் கேரியரும்கூட ஆங்கில எழுத்தில் வேறு வேறு சொற்கள், ஆனால் இரண்டுக்கும் பாட்டன் அதே வண்டிதான். முதலாவது சுமப்பது, இரண்டாவது வண்டி ஓடும் தடம்.

இனி ஒவ்வொரு பொருளையும் சுமையாக வைத்துப் பாருங்கள். காசு கேட்பது ஒருவர் தலையில் ஒரு செலவை ஏற்றுவது. குற்றச்சாட்டு ஒருவர் மேல் பழியை ஏற்றுவது. பொறுப்பு கொடுப்பது வேலையை ஏற்றுவது. துப்பாக்கியில் மருந்து அடைப்பதும் சார்ஜ்தான். போர்க்களத்தில் பாய்ந்து தாக்குவது மட்டும் கொஞ்சம் விலகி நிற்பதுபோலத் தெரியும். ஆயுதத்தைத் தாக்குவதற்குத் தயாராக்குவதிலிருந்து அந்தப் பாய்ச்சலுக்கே பெயர் தாவியிருக்கும் என்று விளக்கம் சொல்கிறார்கள். லத்தி சார்ஜ் என்பதில் இருப்பது இந்தப் பொருள்தான். தமிழில் தடியடி.

மின்சாரத்துக்கு இது வந்த வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. 1740களில் லெய்டன் ஜாடி என்ற ஒன்றைக் கண்டுபிடித்தார்கள், உள்ளேயும் வெளியேயும் உலோகத் தகடு சுற்றிய கண்ணாடி ஜாடி, அதில் மின்சாரத்தைத் தேக்கி வைக்கலாம். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் அந்த ஜாடிகள் பலவற்றை ஒன்றாக இணைத்து ‘பேட்டரி’ என்று பெயர் வைத்தார். அன்றைக்கு பேட்டரி என்றால் வரிசையாக நிறுத்திய பீரங்கிகள். பீரங்கிக்கு மருந்து ஏற்றுவது சார்ஜ், வெடித்து வெளியே விடுவது டிஸ்சார்ஜ். ஜாடிக்கும் அதே பேச்சுப் பொருந்திப் போனது. இன்றைக்கு நம் கையில் இருக்கும் போன் வரைக்கும் அந்தப் பீரங்கிப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது.

டிஸ்சார்ஜ் என்பதும் இறக்கி வைப்பதுதான் என்று புரிந்துவிட்டால் ஆஸ்பத்திரியிலிருந்து ஆளை அனுப்புவது, ஆற்றில் தண்ணீர் வெளியேறும் அளவு, கடனை அடைப்பது, பேட்டரி தீர்ந்து போவது என எதையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டாம்.

சார்ஜர் என்ற சொல்லுக்குக்கூட போனுக்கு முன்பே இரண்டு வாழ்க்கை உண்டு. ஒன்று போர்க்குதிரை. இன்னொன்று பெரிய தட்டு, அதாவது உணவை ஏற்றி வைக்கும் பாத்திரம். 1611இல் வந்த ஆங்கில பைபிளில் யோவான் ஸ்நானகனின் தலையை ‘சார்ஜரில்’ கேட்கிறாள் ஏரோதியாளின் மகள். முதல் தடவை படித்தபோது ஒரு நிமிஷம் திகைத்துப் போனேன்.

இதைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் தமிழ் பக்கம் கண் திரும்பியது. குற்றம் ‘சுமத்துகிறோம்’. வரிச் ‘சுமை’ என்கிறோம். பதவி ‘ஏற்கிறோம்’, மின் ‘ஏற்றுகிறோம்’. பொறுப்பு என்ற சொல்லே ‘பொறு’ என்பதிலிருந்து வருகிறது, தாங்குவது. குறளில் ‘பொறையுடைமை’ அதிகாரத்தில் பொறை என்றால் பொறுமை. ஆனால் 572ஆம் குறளில் “நிலக்குப் பொறை” என்றால் இரக்கமில்லாதவர்கள் பூமிக்குப் பாரம் என்று பொருள். சுமையும் அதைத் தாங்கும் குணமும் ஒரே சொல்லில். ஆங்கிலத்துக்கு யாரும் போய்ச் சொல்லிக் கொடுக்கவில்லை, நாமும் அங்கிருந்து வாங்கவில்லை, இரண்டு மொழிக்காரர்களும் முதுகில் பாரம் சுமந்தவர்கள், அதனால் கடனையும் பழியையும் கடமையையும் பாரமாகவே பார்த்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ‘சார்ஜ்டு சைலன்ஸ்’ என்று வந்தால் இப்போதெல்லாம் யோசிக்காமல் ‘கனத்த மௌனம்’ என்று எழுதுகிறேன். இயற்பியலில் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் மின்னூட்டம் என்கின்றன, இலங்கையில் ஏற்றம் என்கிறார்கள். ஊட்டுவதைவிட ஏற்றுவது மூலப் பொருளுக்கு நெருக்கம், என் ஓட்டு அதற்குத்தான்.

இணைச் சொற்களுக்கு வருகிறேன். அகராதியில் வரிசையாக இருக்கிறதே என்று எடுத்து மாற்றிப் போட்டுவிடக் கூடாது. டாக்டர், வக்கீல் வாங்குவது ஃபீஸ். பயணத்துக்குக் கொடுப்பது ஃபேர்; அந்தச் சொல்லுக்கே பழைய ஆங்கிலத்தில் ‘பயணம் போ’ என்று அர்த்தம், ஃபேர்வெல் என்பதும் “நல்லபடியாகப் போய் வா” என்பதுதான். அதனால் நாம் பஸ் சார்ஜ் என்று சொன்னாலும் ஆங்கிலத்தில் எழுதும்போது பஸ் ஃபேர் என்பதே சரி. சாலையையோ பாலத்தையோ பயன்படுத்தக் கொடுப்பது டோல். சார்ஜ் பெரும்பாலும் ஒரு சேவைக்காகக் கேட்கும் தொகை. அப்புறம், அக்யூஸ் என்பதும் சார்ஜ் என்பதும் ஒன்றல்ல. யாரும் யாரையும் அக்யூஸ் பண்ணலாம், வீட்டுச் சண்டையில்கூட. குற்ற வழக்கில் சார்ஜ் பண்ணுவதற்குச் சட்ட அதிகாரம் வேண்டும். செய்தி மொழிபெயர்க்கும்போது இதை மாற்றிப் போட்டால் வழக்கே பதிவாகாத ஒருவரைக் குற்றம் சாட்டப்பட்டவர் ஆக்கிவிடுவோம், அது பெரிய அநியாயம்.

கூட வரும் சின்னச் சொல்லைப் பார்த்தாலே பாதி குழப்பம் தீரும். சார்ஜ் ஃபார் என்றால் காசு. சார்ஜ் அட் என்றால் பாய்ச்சல். சார்ஜ் வித் என்றால் மேலே சொன்ன என் கதைதான், அடுத்த சொல்லையும் பார்க்க வேண்டும்.

கடைசியாக நீங்கள் கேட்ட ‘த’. ஒரு நர்ஸ் குழந்தைக்கு ‘இன் சார்ஜ் ஆஃப்’ என்றால் பார்த்துக்கொள்பவர் நர்ஸ். குழந்தை நர்சின் ‘இன் த சார்ஜ் ஆஃப்’ என்றால், குழந்தை அவர் பொறுப்பில் இருக்கிறது. அதாவது ‘த’ இல்லாவிட்டால் எழுவாய் சுமக்கிறது, ‘த’ வந்தால் எழுவாய் சுமக்கப்படுகிறது. அந்த ‘த’வை விட்டுவிட்டு “குழந்தை நர்சுக்கு இன் சார்ஜ்” என்று எழுதினால், நர்சைப் பார்த்துக்கொள்ளும் வேலை குழந்தை தலையில் ஏறிவிடும்.