மூடிய கண்ணாடிப் புட்டியில் செடி எப்படித் தண்ணீர் ஊற்றாமலே வாழ்கிறது?

ஊற்றிய தண்ணீர் வெளியே போகவே வழியில்லை, அவ்வளவுதான். வேர் உறிஞ்சியது இலை வழியே ஆவியாகி, கண்ணாடியில் முத்து முத்தாகக் கோத்து, மறுபடி மண்ணுக்கே இறங்கும். உதிர்ந்த இலையை மட்க வைக்கும் நுண்ணுயிர்கள் கரியமில வாயுவைத் திருப்பித் தரும். 1829-ல் லண்டன் மருத்துவர் நத்தானியேல் வார்ட், அந்துப்பூச்சிக் கூட்டுப்புழுவை வைத்திருந்த புட்டிக்குள் பெரணி தானாக முளைத்ததைக் கவனித்தார். பிறகு அவர் செய்த கண்ணாடிப் பெட்டிகளில்தான் சீனத்துத் தேயிலைக் கன்றுகள் இந்தியாவுக்குக் கப்பலேறின.

பலர் வீட்டில் செடியைக் கொல்வது தாகமல்ல, நேர் வெயில். மூடிய புட்டி வெயிலில் அடுப்பாகிவிடும். வெளிச்சம் போதும். காலையில் கண்ணாடி லேசாகப் பனித்து மதியம் தெளிந்தால் ஈரம் சரி. நாள் முழுக்க வழிந்தால் மூடியைக் கொஞ்ச நேரம் திறந்து வையுங்கள். பெரணி, பாசி, ஃபிட்டோனியா நன்றாக வரும். கடையில் அழகாக இருக்கிறதென்று கற்றாழை வாங்காதீர்கள், அழுகிவிடும். உரமும் வேண்டாம்.