ஒரு போகத்துக்கு மட்டும் பணம் தருகிறார்கள், கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: திருவாரூர் மாவட்டத்தில் எங்கள் வயலுக்கு அடியில் போகும் கச்சா எண்ணெய்க் குழாய் கசிந்து, தாளடி நெல் நட்ட இடத்தில் ஒன்றரை மா (ஏறக்குறைய அரை ஏக்கர்) அளவுக்கு எண்ணெய் படிந்துவிட்டது. ஒரு போகத்துக்கான இழப்பீடு தருவதாக நிறுவனத்து ஆள் காகிதம் நீட்டுகிறார். ஊரில் ஒருவர், “போடாதே, நாலு மடங்கு வாங்கித் தருகிறேன், முப்பது சதவீதம் எனக்கு” என்கிறார். இது பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம்தானே, எண்ணெய்க் கிணற்றையே மூட வைக்க முடியாதா? பக்கத்தில் இரவெல்லாம் எரியும் எரிவாயுவால் பயிருக்குக் கெடுதலா?

பதில்: நீட்டும் காகிதத்தில் அப்படியே கையெழுத்துப் போடாதீர்கள். ஊர்க்காரர் நீட்டும் காகிதத்திலும் போடாதீர்கள். இரண்டும் ஒரே குழிதான்.

ஒரு போகம் என்ற கணக்கே தவறு. எண்ணெய்க் கிணற்றிலிருந்து சேகரிப்பு நிலையத்துக்குப் போகும் குழாயில் எண்ணெய் மட்டும் வருவதில்லை. பூமிக்கடியில் எண்ணெயோடு கிடந்த உப்பு நீரும் சேர்ந்தே வருகிறது. எண்ணெய் கறுப்பாக இருப்பதால் எல்லார் கண்ணிலும் படுகிறது. மேல் மண்ணை வாரிக்கொண்டு போய், புது மண் கொட்டி, “சரியாகிவிட்டது பாருங்கள்” என்று போட்டோவும் எடுத்துவிடுவார்கள். உப்பு யார் கண்ணிலும் படாமல் உள்ளே நிற்கும். நம் டெல்டாவின் களிமண்ணில் அந்த உப்பின் சோடியம் ஏறினால் மண் இறுகிப்போகும், தண்ணீர் கீழே இறங்காது, நாற்று வேர் பிடிக்காது. மிச்சம் இருக்கும் எண்ணெயும் சும்மா இருக்காது. அதைத் தின்று கரைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் உள்ள தழைச்சத்தை எடுத்துக்கொள்வதால் அடுத்த போகம் மஞ்சளடித்து நிற்கும். அப்போது கேட்கப் போனால் “உரம் போடவில்லை” என்பார்கள்.

ஆகவே இன்றைக்கே மடையை அடைத்துவிடுங்கள். தண்ணீர் விட்டால் எண்ணெய் மிதந்து அடுத்தவர் வயலுக்கும் வாய்க்காலுக்கும் போகும். உழ வேண்டாம், கொளுத்தவும் வேண்டாம். மண் வாருவதற்கு ஆள் வந்தால், மாதிரி எடுக்கும்வரை நிறுத்தி வையுங்கள். எண்ணெய் பட்ட இடத்தில் மேல் அரை அடியில் ஒன்று, அதற்குக் கீழ் அரை அடியில் ஒன்று, எண்ணெயே படாத மூலையில் ஒன்று என மூன்று மாதிரி வேண்டும். மூன்றாவதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் “உங்கள் மண் முன்பே இப்படித்தான்” என்ற பேச்சுக்குப் பதில் கிடையாது. எண்ணெய்ச் சோதனைக்குப் போகும் மண்ணைக் கண்ணாடி ஜாடியில் எடுத்துக் குளிர்ச்சியாக வையுங்கள், பிளாஸ்டிக் பை ஆகாது. வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் உப்பு அளவு பார்ப்பார்கள், எண்ணெய் பார்க்க மாட்டார்கள். அதற்கு அங்கீகாரம் பெற்ற தனி ஆய்வகம் வேண்டும். ‘மொத்த பெட்ரோலிய ஹைட்ரோகார்பன்’ என்று கேளுங்கள்.

கிணற்றுத் தண்ணீரில் வானவில் நிறத்தில் ஏடு தெரிந்தால் உடனே பயப்பட வேண்டாம். குச்சியால் கலைத்துப் பாருங்கள். சில்லுச் சில்லாக உடைந்து அப்படியே நின்றால் பெரும்பாலும் இரும்புப் பாக்டீரியா. கலைத்ததும் மறுபடி கூடிக்கொண்டால் எண்ணெய். அப்படியானால் சோதனை முடிவு வரும்வரை அந்தத் தண்ணீர் குடிக்க வேண்டாம்.

அப்புறம் காகிதம். வி.ஏ.ஓ.வை வரச் சொல்லி, எவ்வளவு நிலம், எந்தச் சர்வே எண், எந்தத் தேதி என்று மகஜர் (இடத்தைப் பார்த்து எழுதும் அறிக்கை) எழுதி வாங்குங்கள். இந்தப் போகத்தின் அடங்கலும் (வி.ஏ.ஓ.வின் பயிர்ப் பதிவு) கையில் இருக்கட்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கும் கலெக்டருக்கும் பதிவுத் தபாலில் புகார் அனுப்புங்கள். வருவாய்த் துறை வாரியத்தைக் கைகாட்டும், வாரியம் “மாதிரி எடுப்பதுதான் எங்கள் வேலை” என்று வருவாய்த் துறையைக் கைகாட்டும். நடுவில் மழை வந்து சாட்சியத்தைக் கழுவிக்கொண்டு போய்விடும். இத்தனை வருடமாகக் குழாய் ஓடும் மாவட்டத்தில், கசிந்தால் யார் முதலில் வர வேண்டும் என்பதைக்கூட ஊருக்கு யாரும் எழுதிச் சொன்னதில்லை.

அளவை எழுதி வாங்குவது ஏன் முக்கியம் என்பதற்கு நைஜீரியாவின் போடோ ஊரைப் பாருங்கள். 2008-ல் ஷெல் நிறுவனத்தின் குழாய் இரண்டு முறை கசிந்து மீன்பிடிக்கும் ஓடைகளெல்லாம் எண்ணெயாயின. கொட்டியது கொஞ்சம்தான் என்றது நிறுவனம். முதலில் தர முன்வந்தது ஊர் முழுமைக்கும் 4,000 பவுண்டு. ஊர்க்காரர்கள் வாங்கவில்லை. லண்டன் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2015-ல் 5.5 கோடி பவுண்டுக்கு நிறுவனம் இறங்கி வந்தது.

நிறுவனத்து ஆள் இன்னொன்றும் சொல்வார்: “குழாய் பதித்தபோதே உங்கள் அப்பா பணம் வாங்கிவிட்டாரே.” அது வேறு, இது வேறு. 1962-ஆம் ஆண்டின் பெட்ரோலியக் குழாய்ச் சட்டப்படி, பதிக்கும்போது அழிந்த பயிருக்கும் மரத்துக்கும் ஒரு தொகை, நிலத்தைப் பயன்படுத்தும் உரிமைக்குச் சந்தை மதிப்பில் 10 சதவீதம். அவ்வளவுதான். நிலம் இன்னும் உங்களுடையது. குழாய் போகும் அந்தப் பட்டையில் வீடு கட்டவோ கிணறு வெட்டவோ மரம் வைக்கவோ கூடாது, பயிர் வைக்கலாம். கசிவுக்கான இழப்பீட்டை அந்தப் பணத்தில் கழிக்க முடியாது.

இப்போது தரும் தொகையை வாங்கினால் தப்பில்லை. ஆனால் ரசீதில் “இந்தப் பருவப் பயிருக்கு மட்டும், மண்ணுக்கும் அடுத்த போகங்களுக்கும் உரிமை நீடிக்கிறது” என்று உங்கள் கையால் எழுதுங்கள். “முழுமையும் இறுதியுமான தீர்வு”, “இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்று எங்காவது இருந்தால் பேனாவை மூடிவிடுங்கள். நாளைக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் (சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் இடம்) எதிர்த்தரப்பு முதலில் நீட்டும் காகிதம் அதுதான்.

முப்பது சதவீதக்காரர் விஷயம். இவர்கள் முதலில் கேட்பது பவர் பத்திரம், அடுத்தது வெற்றுத்தாளில் கையெழுத்து. “கோர்ட் ஃபீஸே லட்சக்கணக்கில் ஆகும், நான் போட்டுக்கொள்கிறேன்” என்பார்கள். பச்சைப் பொய். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. அங்கே கட்டணம் நீங்கள் கேட்கும் இழப்பீட்டில் 1 சதவீதம், குறைந்தது 1,000 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை, நீங்களே வாதாடலாம். நிறுவனத்தின் அலட்சியத்தை நிரூபிக்க வேண்டிய சுமையும் உங்களுக்கு இல்லை. விபத்தால் சேதம் நடந்தது என்பதே போதும். இழப்பீட்டுக்கு ஐந்து ஆண்டு அவகாசம். “பேசிக்கொண்டிருக்கிறேன்” என்று இவர்கள் இழுப்பது அந்த ஐந்து ஆண்டைத்தான்.

கிணற்றை மூடும் கேள்விக்கு வருகிறேன். 2020-ல் சட்டமன்றத்தில் நிறைவேறிய வேளாண் மண்டலச் சட்டம் புதிதாக எண்ணெய், எரிவாயு தோண்டுவதைத் தடுக்கிறது. நீங்கள் படித்தது சரி. ஆனால் அதே சட்டத்தில், அதற்கு முன் தொடங்கி நடக்கும் பணிகளைத் தொடாது என்று இருக்கிறது. அதாவது உங்கள் ஊர்க் கிணறு 2020-க்கு முன் ஓடத் தொடங்கியிருந்தால் இந்தச் சட்டத்தைக் காட்டி மூட முடியாது. இன்னும் கேளுங்கள்: சாலை, மின்சாரம், தொலைபேசி ஆகியவற்றோடு குழாய்களையும் அடிப்படை வசதி என்று சேர்த்து விலக்கியிருக்கிறார்கள். ஆகவே பழைய குழாய் மட்டுமல்ல, நாளைக்குப் புதுக் குழாய் பதிக்க வந்தாலும் “இது வேளாண் மண்டலம்” என்ற ஒரே வாதம் நிற்காது. வயலுக்கு நேரடி ஆபத்து கசியும் குழாயால்தான். பாதுகாப்பு மண்டலம் என்று பெயர் வைத்த சட்டம் விலக்கி வைத்திருப்பதும் அதையேதான். மேடையில் யாரும் இதைச் சொல்வதில்லை. எனவே புதுக் குழாய் என்றால் 1962 சட்டப்படி அறிவிக்கை வந்த 21 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபணை கொடுங்கள். ஏற்கெனவே உள்ள கிணறு என்றால், அதன் சுற்றுச்சூழல் அனுமதியின் நிபந்தனைகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கி, மீறியதைப் பிடியுங்கள்.

எரியும் வாயு பற்றி. கரும்புகை வந்தால் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். மெல்லிய கரித்துகள் நுரையீரல்வரை போகும். பிள்ளைகளுக்கு இருமல் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, தேதியோடு சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். பயிருக்கு வெளிச்சமும் ஒரு தொந்தரவு. பகல் குறைந்தால்தான் பூக்கும் பழைய நெல் ரகங்கள், இரவெல்லாம் வெளிச்சம் அடித்தால் கதிர் விடத் தாமதமாகும். இப்போதைய ரகங்கள் பலவற்றில் இது குறைவு. எரியும் பக்கத்து வரிசை பச்சையாக நிற்க, தூரத்து வரிசை கதிர் தள்ளியிருந்தால் இரண்டும் ஒரே படத்தில் வரும்படி எடுங்கள். மத்திய அரசின் விதி, புகைக்குழாய் குறைந்தது 30 மீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்கிறது. பக்கத்து விளைச்சலைப் பாதித்தால் உயரத்தில் எரிப்பதை விட்டுத் தரைமட்டத்தில் எரிக்கலாம் என்றும் அதிலேயே இருக்கிறது. பொறியாளருக்கு எழுதும் புகாரில் அந்தப் படத்தை இணைத்து, இந்த விதியைச் சொல்லிக் கேளுங்கள்.