தட்டை ஒதுக்கினோம், ஜன்னலைச் சாத்தினோம்

கேள்வி: பக்டீரியாவால் வரும் நோய்கள் எப்படிப் பரவுகின்றன? நோயாளியைத் தொட்டாலே ஒட்டிக்கொள்ளுமா?

சிலது தொட்டால் ஒட்டும். பலது ஒட்டாது. ஒவ்வொரு கிருமிக்கும் அதற்கென்று ஒரு பாதை உண்டு. நாங்கள் பெரும்பாலும் அது வராத பக்கத்தில் நின்று காவல் காக்கிறோம்.

நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். இப்போது கண்டியில் ஓர் ஆய்வுகூடத்தில் சளியும் இரத்தமும் பரிசோதிக்கிற வேலை. புத்தகத்தில் படித்ததை விட, எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால் சீக்கிரம் விளங்கும்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது சித்தப்பாவுக்கு விடாத இருமல். பொழுது சாய்ந்தால் காய்ச்சல், இராத்திரியில் சட்டை நனைகிற வேர்வை, கடைசியில் சளியில் இரத்தம். காசநோய் என்று தெரிந்ததும் அப்பாயி அவருடைய தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்தது. "கிட்ட போவாதடி, எச்சி பட்டா ஒட்டிக்கும்" என்று எனக்கு எச்சரிக்கை வேறு. அதே கையோடு, பனி பட்டால் இருமல் கூடும் என்று காம்பராவில் இருந்த ஒரே ஜன்னலையும் சாத்தி, சந்துகளில் பழைய சாக்கை அடைத்தது. அந்தப் பத்தடிக் காம்பராவுக்குள்தான் சித்தப்பா குடும்பம் முழுக்கப் படுத்தது.

காசநோய் தட்டால் பரவாது. நோயாளி இருமும்போதும் பேசும்போதும் வெளிவரும் மிக நுண்ணிய துளிகள் காற்றோட்டமில்லாத அறையில் மணிக்கணக்கில் மிதக்கும். அதைச் சுவாசிப்பவருக்குத்தான் தொற்று. வெயிலும் காற்றும் படுகிற இடத்தில் அந்தக் கிருமிக்குப் பிழைப்பில்லை. ஆக, தட்டை ஒதுக்கியதில் ஒரு பிரயோசனமும் இல்லை, ஜன்னலைச் சாத்தியதுதான் வினை. அடுத்த வருடம் சித்தப்பாவின் கடைசி மகளுக்கும் மருந்து தொடங்க வேண்டி வந்தது.

தொற்றியவர் எல்லாருக்கும் நோய் வராது. நூறு பேருக்குத் தொற்றினால் ஆயுளுக்குள் நோயாவது ஐந்து முதல் பத்துப் பேர்தான். அதுவும் சில சமயம் வருடக்கணக்கில் கழித்து. அதனால்தான் யாரிடமிருந்து வந்தது என்று யாருக்கும் தெரிவதில்லை, பழி தட்டின் மேலோ பனியின் மேலோ விழுகிறது. ரொபேர்ட் கொக் இந்தக் கிருமியைக் கண்டதாக 1882 மார்ச் 24 அன்று அறிவித்தார். இன்றும் சாயமேற்றிய கண்ணாடித் தகட்டில் நீலத்துக்கு நடுவே சிவப்புக் குச்சிகளாக அந்தக் கிருமியைப் பார்த்தால் எனக்கு அந்தச் சாக்கு அடைத்த ஜன்னல்தான் ஞாபகம் வரும்.

கொலராவில் இந்தக் கதை அப்படியே தலைகீழ். கெட்ட காற்றால் வருகிறது என்று படித்தவர்களே நம்பிய காலம் அது. 1854இல் லண்டனில் ஜோன் ஸ்னோ என்ற வைத்தியர், இறந்தவர்கள் எந்தப் பம்பில் தண்ணீர் பிடித்தார்கள் என்று தேடி, அந்தப் பம்பின் கைப்பிடியைக் கழற்ற வைத்தார். அந்த நூற்றாண்டில்தான் எங்கள் பாட்டன் பூட்டன்மார் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் கிடைத்த தண்ணீரைக் குடித்து, கொலராவில் விழுந்தவர்கள் ஏராளம்.

தண்ணீர் விஷயத்தில் நாங்கள் பிறகும் திருந்தவில்லை. எங்கள் லயத்துக்கு மலை மேலிருந்து வரும் பீலித் தண்ணீர் பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும். ஒரு மழைக்காலத்தில் நாலு வீட்டுப் பிள்ளைகளுக்கு வரிசையாக நெருப்புக்காய்ச்சல், அதாவது டைபொயிட். மழையில் நனைந்த காய்ச்சல் என்றுதான் முதலில் சொன்னார்கள். பிறகு பார்த்தால், மேல் லயத்துக் கக்கூஸ் குழி நிரம்பி வழிந்து ஊற்றுப் பக்கம் இறங்கியிருக்கிறது. விளையாடிவிட்டு பீலியில் வாய் வைத்துக் குடித்த பிள்ளைகள் படுத்தார்கள். நாள் முழுக்கப் பிளேன்டீயே குடித்த பெரியவர்களுக்கு ஒன்றுமில்லை. கொதித்த தண்ணீரில் அந்தக் கிருமி சாகும், அவ்வளவுதான். டைபொயிட் கிருமி வாழ்வது மனிதரிடம் மட்டும். நோய் ஆறியபின்னும் ஒரு சிலருடைய பித்தப்பையில் அது தங்கி, மலத்தோடு வந்துகொண்டே இருக்கும். அவர் கை கழுவாமல் தேங்காய்ச் சம்பல் பிசைந்தால் போதும்.

எலிக்காய்ச்சல்காரரைக் கண்டு ஒதுங்குவது வேறு கூத்து. ஆளிடமிருந்து ஆளுக்கு அது பரவுவதே அபூர்வம். எலியின் சிறுநீர் கலந்த சேற்றிலும் தண்ணீரிலும் இருந்து, காலில் இருக்கும் வெடிப்பு, கீறல் வழியாக உள்ளே போகிறது. 2008இல் இலங்கையில் ஏழாயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் படுக்க வைத்த நோய் இது. வயலில் இறங்குகிறவர், கான் வெட்டுகிறவர் முன்கூட்டியே சுகாதாரப் பரிசோதகரைக் கேட்டால், தேவைப்பட்டால் தடுப்பு மாத்திரைக்கு வழி செய்வார். சேற்றில் நின்ற ஞாபகம் இருந்து, காய்ச்சலோடு கெண்டைக்கால் வலித்தால், அதை வைத்தியரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். காட்டோரம் உண்ணி கடித்து வரும் காய்ச்சலுக்கும் இதே பேச்சுத்தான். அதுவும் பக்கத்தில் படுத்தவருக்கு ஒட்டாது.

தொட்டால் ஒட்டுவதற்கு உதாரணம் வேண்டுமென்றால் பிள்ளைக்காம்பராவுக்கு, அதாவது தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடத்துக்கு, போங்கள். ஒரு குழந்தைக்கு வாயோரம் சீழ்ப்புண் வந்தால், ஒரே துவாயில் எல்லாருக்கும் முகம் துடைத்து ஒரு வாரத்தில் பாதிப் பேருக்கு வந்துவிடும்.

மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. அன்டிபயோடிக் பக்டீரியாவுக்குத்தான், டெங்குக்கும் சாதாரணத் தடிமனுக்கும் அது வேலை செய்யாது. மிஞ்சிய மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கும் தாராளம் எங்கள் லயத்தில் நிறைய. தயவு செய்து வேண்டாம்.

சித்தப்பாவும் இரண்டாம் மாதம் இருமல் நின்றதும் மருந்தை விடப் பார்த்தார். சித்தி விடவில்லை. ஆறு மாதமும் விழுங்கி, சளி சுத்தம் என்று ரிப்போர்ட் வாங்கி, மறுபடி மலைக்கு வேலைக்குப் போனார். அப்பாயி மட்டும் அந்தத் தட்டை மற்றத் தட்டுகளோடு கடைசிவரை சேர்க்கவில்லை.